வேப்பமரத்தின் மேல் நான் போட்ட பழி

படவேடு ஊர்க் கோயிலில் குடியிருக்கும் படவேட்டம்மாவை நம்பி வாழும் என் சொந்தங்கள் எல்லோருக்கும் ஆரணியிலிருந்து ஏழுமலையின் வணக்கம். மரம் அறுப்பது என் தொழில். எழுதிப் பழக்கமில்லை. "நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்க. நடுவுல உங்களுக்கு வசதியா எதையும் மாத்தாதீங்க" என்று என் மனைவி மல்லிகா சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தாள். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. படித்தால் உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மச்சானின் வலது கை என் கண் முன்னால் கிழிந்தது. என்னால் கிழிந்தது.

மச்சான் என்றால் மல்லிகாவின் அண்ணன் தாமோதரன். பட்டுத்தறி நெய்கிறவர். முப்பது வருஷமாக அந்தக் கைதான் அவர் வீட்டுக்குச் சோறு போட்டது. நானும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் தறியில் உட்கார மாட்டேன் என்று ஓடிப்போய் மரக்கடையில் சேர்ந்தவன். அதனால் மாமனார் வீட்டில் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அந்த வீட்டில் என்னிடம் ஒரு குத்தல் பேச்சும் பேசாத மனிதர் மச்சான் ஒருவர்தான்.

சந்தவாசலுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டின் மேல் பெரிய வேப்பமரம் சாய்ந்துகொண்டிருந்தது. வெட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். வழக்கமாக என்னுடன் வரும் ஆளுக்கு அன்று காய்ச்சல். மச்சானின் தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவு வர இரண்டு நாள் இருந்தது.

"சும்மாதானே குந்திகினு இருக்கேன் மாப்ள, நான் வரேன். கிளைய இழுத்துப் போடறதுக்கு இன்னா பெரிய படிப்பா வேணும்?" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

எங்கள் பக்கம் வேப்பமரத்தில் சும்மா கை வைத்துவிட மாட்டோம். அம்மா குடியிருக்கிற மரம் அது. உங்களுக்குத் தெரியாததா? மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டினேன். சூடம் ஏற்றி, "தாயே, வூட்டு மேல சாயற. வேற வழியில்ல. உத்தரவு கொடு" என்று விழுந்து கும்பிட்டேன். மரம் அறுக்கும் மெஷினுக்கும் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். எல்லாம் முறையாகச் செய்தேன். மெஷினைத்தான் பார்க்கவில்லை.

அதை விளக்கிச் சொல்லிவிடுகிறேன். மெஷினில் ரேஸ் கொடுக்கிற விசையிலிருந்து விரலை எடுத்தால் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம், ஆனால் செயின் அசையாமல் நிற்க வேண்டும். அதுதான் முறை. என் மெஷின் ஒரு வாரமாக, விரலை எடுத்ததும் இருமி இருமி அணைந்துகொண்டிருந்தது. ஏர் ஃபில்டரைக் கழுவியிருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் குறுக்கு வழியில் போனேன். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஓட்டத்தை ஏற்றிவைத்தேன். இஞ்சின் அணைவது நின்றது. ஆனால் விரலை எடுத்த பிறகும் செயின் மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது. அப்படி ஊர்ந்தால் அந்த மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்றால் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பதினோரு மணிக்குள் கீழ்க்கிளைகளை இறக்கிவிட்டோம். ஈரத் தூளும் பிசினும் எண்ணெயும் சேர்ந்து செயினில் அப்பிக்கொண்டன. மச்சான் மடியிலிருந்து ஒரு பிடி பட்டு நூல் கழிவை எடுத்தார். எங்கள் ஊரில் நெசவுக்காரர் வீட்டில் எதைத் துடைப்பதற்கும் அந்தக் கழிவு நூல்தான். சைக்கிள் துடைப்பதும் அதில்தான், குத்துவிளக்கு துடைப்பதும் அதில்தான். பழக்கப்படி அதை விரல்களில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"ஆஃப் பண்ணலையா மாப்ள?" என்று கேட்டார். கேட்டார் என்பதை நான் மறைக்கக் கூடாது.

"அணைச்சா சூட்டுல திரும்ப ஸ்டார்ட் ஆவாது மச்சான். பத்து தபா இழுத்து தோள்பட்டை வுட்டுப்போவுது. நான் புடிச்சிகினு இருக்கேன், நீங்க மேலாப்புல துடைங்க" என்றேன்.

கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிரேக் இருக்கிறது. முன்னால் ஒரு தள்ளுத் தள்ளினால் செயின் பூட்டிக்கொள்ளும். அதையாவது தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

பட்டு ஒற்றை இழையாக இருந்தால் அறுந்துபோகும். பத்து இழை முறுக்கிக்கொண்டால் அது கயிறு. ஒரு நுனி செயின் பல்லில் மாட்டியது. ஊர்கிற செயின் அதை மெல்ல இழுத்தது. மச்சான் "மாப்ள, நூலு..." என்று தொடங்கினார். அதே நேரத்தில் இஞ்சின் இருமியது, அணையப் பார்த்தது. பழக்க தோஷத்தில் என் விரல் ரேஸ் கொடுத்துவிட்டது.

ஒரு நொடிதான்.

அதற்கு மேல் எழுத எனக்குத் திராணி இல்லை. துண்டை வைத்து அழுத்திப் பிடித்தேன். கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தன் காரிலேயே எங்களை வேலூருக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி நெடுக மச்சான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான்தான் "தாயே, தாயே" என்று கத்திக்கொண்டு போனேன்.

மல்லிகாவும் மச்சானின் மனைவி சரசக்காவும் மதியம் வந்து சேர்ந்தார்கள். சரசக்கா என் சட்டையைப் பார்த்தார். சட்டை முழுக்க ரத்தம்.

"இன்னா ஆச்சு? எப்படி ஆச்சு? சொல்லுங்க!"

நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "மெஷின் தானா சீறிடுச்சுக்கா. வேப்பமரம்... அம்மாவுக்கு உத்தரவு இல்ல போல."

உடனே நம்பிவிட்டார்கள். நம்பாமல் என்ன? எங்கள் பக்கம் அது நம்பக்கூடிய பேச்சுதானே. சரசக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது படவேட்டில் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். காய்ச்சல் விட்டது, பொங்கல் தள்ளிக்கொண்டே போனது.

"என் மேல இருந்த கோவத்த அவரு கைல காட்டிட்டாளே! நான்தான் வேண்டிகினு வெக்காம வுட்டுட்டேன். நான்தான் பாவி!"

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "இல்லக்கா, நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. என் குற்றத்தை முதலில் மரத்தின் மேல் போட்டேன். பிறகு அம்மாவின் மேல் போட்டேன். கடைசியில் அது சரசக்கா தலையில் போய் உட்கார்ந்தது. நானோ சுவரில் சாய்ந்து, பாவப்பட்டவன் மாதிரி எல்லோரிடமும் ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

ஆபரேஷன் சாயங்காலம் வரை நடந்தது. ஆள்காட்டி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் போகிற ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒட்டியிருக்கிறோம், பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல் நுனிகள் கருநீலமாக இருந்தன. தொட்டால் சில்லென்று இருந்தன.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்குக் காலை வரைக்கும் பார்ப்போம். ரத்த ஓட்டம் வரலைன்னா மணிக்கட்டோட எடுக்க வேண்டியிருக்கும். மனசைத் தயார் பண்ணிக்கோங்க. உயிர் முக்கியம்."

சரசக்கா அழவில்லை. அழுது தீர்ந்துவிட்டது. ஒரு ஓரத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வலது கை இல்லாத நெசவாளி என்ன செய்வார்? அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் மட்டும் மனதுக்குள் நூறு தரம் கேட்டேன்.

மல்லிகா என்னைத் தனியே கூப்பிட்டாள். "நீங்க படவேட்டுக்குப் போங்க. மரத்தை வெட்டினதுக்கு அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. இங்க நின்னு ஒண்ணும் ஆவப்போறதில்ல."

என் பொய்யே என்னைக் கோயிலுக்கு அனுப்பியது.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வேலை நாள், கூட்டம் இல்லை. சன்னதியில் நின்று கை கூப்பினேன். "மரத்தை வெட்டினதுக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. மரம் என்ன செய்தது? அம்மா என்ன செய்தாள்? அவளிடமே போய் அவள் மேல் பொய்ச்சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். "என் கையை எடுத்துக்கோ, அவர் கையைக் கொடுத்துடு" என்றேன். அதுவும் என் காதுக்கே போலியாகக் கேட்டது. யார் என் கையைக் கேட்டார்கள்?

சொந்தங்களே, எனக்குக் காட்சி எதுவும் கிடைக்கவில்லை. பூ விழவில்லை, மணி அடிக்கவில்லை. அங்கே நின்ற நேரம் முழுக்க வெறுமைதான். கை போகப்போகிறது, அதற்கு நான்தான் காரணம், அதைச் சொல்லக்கூட வக்கில்லாதவன் நான். இந்த மூன்றும்தான் மாறி மாறி மனதில் ஓடின. பிரகாரத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் வாயிலிருந்து ஒரு உண்மையான வார்த்தை வந்தது. "சொல்லிடறேன் தாயே. சொல்றதுக்கு தைரியத்தைக் குடு. கையைப் பத்தி அப்புறம் உன் இஷ்டம்."

விபூதிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மனசு லேசாகவில்லை. தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரிதான் போனேன். பஸ்ஸில் இரண்டு முறை மனம் மாறினேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மச்சான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டுப்போட்ட கையை உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மல்லிகாவும் சரசக்காவும் இருந்தார்கள். விபூதியை நீட்டினேன். சரசக்கா எழுந்து அதை வாங்கி, "அம்மா மன்னிச்சாளா?" என்று கேட்டார்.

"மரம் இல்லக்கா," என்றேன். "அம்மா இல்ல. நீங்க பொங்கல் வெக்காததும் இல்ல. நான்தான். செயின் ஊருதுன்னு தெரிஞ்சே மெஷின எடுத்துகினு போனேன். ஆஃப் பண்ணலையான்னு அவரு கேட்டாரு, நான் பண்ணல. அவரு விரல்ல நூலு மாட்டிகினு இருந்தப்ப ரேஸ் குடுத்தது என் கைதான்."

சரசக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். "வெளிய போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான் கண் திறக்கவில்லை. கண்ணோரத்தில் மட்டும் நீர் வழிந்தது. எல்லாம் கேட்டுவிட்டார், இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை டாக்டர் கட்டைப் பிரித்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். மல்லிகாதான் வந்து சொன்னாள். கட்டைவிரல் நகத்தை டாக்டர் அழுத்தி விட்டாராம். வெளுத்த நகம் மெல்லச் சிவந்ததாம். "ரத்தம் வருது. கையை எடுக்க வேண்டாம்" என்றாராம். நான் உண்மையைச் சொன்னதால்தான் ரத்தம் ஓடியது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. டாக்டர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார்கள். அம்மா கருணை வைத்தாள். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இதோடு துன்பம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் தீரவில்லை. கை இருந்தது, விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. தறி மேல் துணி போர்த்தியே கிடந்தது. மச்சான் வீடு திரும்பிய பிறகு, அவர் தடுக்காததால், நான் தினமும் சாயங்காலம் அங்கே போவேன். என்னைப் பார்த்ததும் சரசக்கா எழுந்து உள்ளே போய்விடுவார். நான் மச்சானின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பேன். வலியில் அவர் உதடு துடிக்கும். மழையைப் பற்றிப் பேசுவார், அரசியல் பேசுவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மூன்று மாதம் மெஷினைத் தொடவில்லை. தூரத்தில் யாராவது மரம் அறுக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றிய நாட்கள் உண்டு. அதையும் ஒருநாள் மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வேலை வெட்டியை விட்டு ஒரு வாரம் என் பக்கத்திலேயே இருந்தாள். அப்படித் தோன்றுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

எனக்கு வேறு தொழில் தெரியாது. மறுபடி மெஷினை எடுத்தேன். முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து ஐட்லிங்கைச் சரிசெய்தேன். இப்போதும் தினமும் சூடம் ஏற்றுகிறேன். அதற்கு முன்னால் மெஷினைத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து, விசையிலிருந்து விரலை எடுத்துச் செயின் நிற்கிறதா என்று பார்க்கிறேன். நிற்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. செயினைத் தொட வேண்டும் என்றால் இஞ்சினை அணைத்தாக வேண்டும். தோள்பட்டை விட்டுப்போனால் போகட்டும். இரண்டடி நடப்பதென்றாலும் பிரேக்கைத் தள்ளிவிட்டுத்தான் நடப்பேன். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் போடாமல் நிற்பதில்லை. லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு வருகிறவரை மரத்துக்குப் பக்கத்தில் விடுவதில்லை. கழிவு நூலைக் கண்டால் சண்டைக்கே போய்விடுவேன். போளூர், செய்யார் பக்கம் மரம் அறுக்கிறவர்கள் "வந்துட்டாருப்பா சாமியாரு" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் ஆடியில் சரசக்கா பாக்கி வைத்திருந்த பொங்கலைப் படவேட்டில் வைக்கக் கிளம்பினார். "அவரையும் வரச் சொல்லு" என்று மல்லிகாவிடம் சொல்லி அனுப்பினார். நேராக என்னிடம் பேசவில்லை. போனேன். பெண்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சானும் நானும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அவர் கை இப்போது தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவைப் பிடிக்கிறது. ஒரு சேலைக்கு முன்பு ஆன நாள் போல இரண்டு மடங்கு ஆகிறது. ஆனாலும் நெய்கிறார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு நான் இங்க வந்து வேண்டிகினேன் மச்சான். அம்மா கேட்டுட்டா."

மச்சான் அந்தக் கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"உன்னுதக் கேட்டாளான்னு எனக்குத் தெரியாது மாப்ள. என்னுதக் கேட்டா. நான் கையக் கேக்கல. இஞ்சின் சத்தம் ஏறினது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா தறி சத்தத்துலயே எங்க இழை அறுந்துதுன்னு கண்டுபுடிக்கிற காது இது. நீ மரத்து மேல பழியப் போட்டது, கட்டில் பக்கத்துல பொம்பளைங்க பேசிகினதுல தெரிஞ்சிது. சரசு நெஞ்சுல அடிச்சிகினதும் தெரியும். நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, அன்னியோட நீ எங்க வூட்டு வாசப்படிய மிதிச்சிருக்க மாட்ட. என் தங்கச்சி நடுவுல கிடந்து அல்லாடியிருக்கும். அதான் படுத்துகினே கேட்டேன். கை போனா போவுது தாயே, அவன் வாயாலயே சொல்ல வெச்சிடுன்னு. சாயங்காலமே வந்து சொல்லிட்ட."

நான் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒரு வருஷமாக அடக்கிவைத்த அழுகை. மச்சான் அந்தக் கையை என் முதுகில் வைத்தார். நாலு விரலும் எனக்குத் தெரிந்தன.

அடுப்புப் பக்கமிருந்து சரசக்காவின் குரல் வந்தது. "இன்னா அங்கயே குந்திகினு? பொங்கல் ஆறுது, வந்து துன்னுங்க ரெண்டு பேரும்." ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சொந்தங்களே, அம்மாவை நம்புங்கள். நான் கைவிடப்பட்டவன் என்று நினைத்த அந்த இரண்டு நாளும் அவள் வேலை செய்துகொண்டுதான் இருந்தாள். மெஷினோடு பிழைக்கிறவர்கள், தொடுவதற்கு முன்னால் அணைத்துவிடுங்கள். தப்பை மறைத்துவைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போகிறவர்கள், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் உரியவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்று, கண்ணை மூடிக்கொண்டு அவர் வேண்டிக்கொண்டிருக்கலாம்.